காலித் தோட்டா உறைகளைத் தானாகப் பிரிக்கும் இயந்திரம்: வீட்டில் கட்டுவதற்கான முழுமையான வழிகாட்டி

சுட்ட பிறகு மிஞ்சும் உறைகளை மறுபடி நிரப்பிப் பயன்படுத்துபவர்களுக்கான இயந்திரம் இது: ஒவ்வோர் உறையின் அடியிலும் பொறித்திருக்கும் தயாரிப்பாளர் முத்திரையை (அடிமுத்திரை) கேமராவால் படித்து, வகைவகையாகப் பெட்டிகளில் போடும். இதைக் கட்ட வருபவர்களில் பெரும்பாலோர் கேமராவை முதலில் வாங்குகிறார்கள். மேசைமேல் ஓர் உறையைக் கையால் நிறுத்திப் படம் எடுத்து, கணினி அதன் அடிமுத்திரையைச் சரியாகச் சொல்லிவிட்டதும் பாதி வேலை முடிந்ததாக நினைக்கிறார்கள். பிறகு ஆயிரம் உறைகளைத் தொட்டியில் கொட்டியதும் எல்லாம் சிக்கிக்கொள்கிறது. அந்தக் கட்டத்தில் கைவிடப்பட்ட இயந்திரங்களைப் பல முறை பார்த்துவிட்டேன்.

உறைகள் ஒவ்வொன்றாக, ஒரே திசை பார்த்து, அசையாமல் கேமராவின் முன் வந்து நின்றால் அடையாளம் காண்பது எளிது. அப்படி வராவிட்டால் எவ்வளவு நல்ல மென்பொருளும் உதவாது. ஆகவே கீழே உள்ள வரிசையை மாற்றாதீர்கள். அளவுகள் அனைத்தும் 9 மி.மீ. லூகர் என்ற கைத்துப்பாக்கித் தோட்டாவின் உறைக்கானவை. வேறு அளவுக்குக் கட்டுபவர்கள் எண்களை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

1. எதைப் பிரிக்கப் போகிறீர்கள் என்று எழுதிவையுங்கள்

ஒரு தாளில் எட்டுக் கட்டம் போட்டு, எந்தப் பெட்டியில் எது விழ வேண்டும் என்று எழுதுங்கள். பெட்டிகளின் எண்ணிக்கைதான் சரிவுக் குழாயின் வடிவத்தையும், எடுக்க வேண்டிய படங்களின் எண்ணிக்கையையும் முடிவுசெய்கிறது.

நாற்பது வகை முத்திரைக்கும் நாற்பது பெட்டி என்று யாரும் தொடங்க வேண்டாம். நீங்கள் அதிகம் பயன்படுத்தும் நான்கைந்து வகைக்குத் தனிப் பெட்டி, 'கலப்பு, நல்லது' என்று ஒன்று, 'வேண்டாதது' என்று ஒன்று, 'தெரியவில்லை' என்று ஒன்று போதும்.

'வேண்டாதது' பெட்டிதான் இந்த இயந்திரத்தின் பயனே. சில உறைகளின் உட்சுவரில் படிக்கட்டு போன்ற ஒரு மேடு, அதாவது படி, இருக்கும். உள்ளே எட்டிப் பார்த்தாலொழிய வெளியிலிருந்து தெரியாது. அதைக் காட்டிக்கொடுப்பது அடிமுத்திரை மட்டுமே. ராணுவத் தயாரிப்பு உறைகளில், அடியின் நடுவில் இருந்து மருந்தைப் பற்றவைக்கும் சிறு மூடியான பிரைமரைச் சுற்றி உலோகம் நெரிக்கப்பட்டிருக்கும். பெர்டான் வகை உறையில் நடுவில் ஒற்றைத் துளைக்குப் பதிலாக ஓரமாக இரு சிறு துளைகள் இருப்பதால், பிரைமர் நீக்கும் ஊசி முறிந்துவிடும். இவற்றையெல்லாம் ஒதுக்கத்தான் முத்திரையைப் படிக்கிறோம்.

காலி உறைகளை வைத்திருப்பதற்கே உரிமம் கேட்கும் நாடுகள் உண்டு. உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்த்த பிறகே தொடங்குங்கள்.

2. சுடப்படாத தோட்டா ஒன்றுகூடத் தொட்டிக்குள் போகக் கூடாது

சுடுதளத் தரையிலிருந்து அள்ளிய குவியலில் சுடப்படாத தோட்டாவும் கலந்திருக்கும். குண்டு இல்லாமல், ஆனால் பிரைமர் வெடிக்காமல் கிடக்கும் உறையும் வரும். இயந்திரத்தின் விளிம்புகள் உறையை நெருக்கி நகர்த்துபவை. அங்கே உயிருள்ள பிரைமர் வரவே கூடாது.

வெளிச்சமான இடத்தில் வெள்ளைத் துணி விரித்து, ஒரு கைப்பிடி அளவாகப் பரப்பிப் பாருங்கள். காலி 9 மி.மீ. உறை சுமார் 4 கிராம், முழுத் தோட்டா சுமார் 12 கிராம். ஒற்றையாக எடுத்தால் கையே சொல்லிவிடும். குவியலாக அள்ளினால் சொல்லாது. பிரைமரின் நடுவில் ஊசி பதிந்த குழி இல்லாத எதையும் தனியே எடுத்துவைத்து, சுடுதளப் பொறுப்பாளரிடம் ஒப்படையுங்கள். குழி இருந்தும் வெடிக்காமல் போன தோட்டாவும் உண்டு என்பதால், குண்டு பொருத்தியிருக்கிறதா என்பதையும் சேர்த்தே பாருங்கள்.

இன்னொரு ஆபத்து கண்ணுக்குத் தெரியாதது. வழக்கமான பிரைமர்களின் எச்சத்தில் ஈயம் இருக்கிறது. உறைகளைக் குலுக்கினாலே நுண்ணிய தூசி எழும். கையுறை போடுங்கள், சாப்பிடும் மேசையில் இந்த வேலை வேண்டாம், முடித்ததும் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள். பிள்ளைகள் புழங்கும் அறையில் இயந்திரத்தை வைக்காதீர்கள்.

3. கழுவுதல், காந்தம், அளவு பிரித்தல்

இந்த மூன்றும் இதே வரிசையில் நடக்க வேண்டும்.

கழுவுவது அழகுக்காக அல்ல. கரி படிந்த அடியில் எழுத்து தெரியாது. மணல் ஒட்டிய உறை சக்கரத்தைக் கீறும். வெந்நீர், சிறிது பாத்திரம் கழுவும் திரவம், ஒரு சிட்டிகை சிட்ரிக் அமிலம் போதும். அம்மோனியா கலந்த துப்புரவுத் திரவங்களைத் தொடவே வேண்டாம். அம்மோனியா பித்தளையில் விரிசல் விழச் செய்யும். உலர்த்தும்போது பொறுமை வேண்டும். பிரைமர் இருக்கும் உறையின் அடியில் நீர் தங்கியிருந்தால், அது கேமராக் கண்ணாடிமேல் சொட்டி அடுத்த ஐம்பது படங்களையும் கெடுத்துவிடும்.

அடுத்தது காந்தம். பித்தளை முலாம் பூசிய எஃகு உறை கண்ணுக்குப் பித்தளை போலவே இருக்கும். பரப்பிய உறைகள்மேல் ஒரு வலுவான காந்தத்தை மெதுவாக இழுத்தால் எஃகு எல்லாம் ஒட்டிக்கொண்டு வந்துவிடும். அலுமினிய உறை காந்தத்தில் ஒட்டாது. நிறத்தையும் எடையையும் வைத்துக் கையால் பொறுக்குங்கள்.

பிறகு அளவு. துளைத் தட்டுகளால் சலித்தால், வேறு அளவுத் தோட்டாக்களான .45 ஏசிபி உறையும் (அடி விளிம்பின் விட்டம் 12.2 மி.மீ.) .40 உறையும் (10.8 மி.மீ.) மேலே தங்கிவிடும். 9 மி.மீ. உறையின் விளிம்பு 9.96 மி.மீ. என்பதால் கீழே இறங்கும். சலிப்பதற்கு முன் ஒன்றுக்குள் ஒன்று புகுந்த உறைகளைத் தேடுங்கள். 9 மி.மீ. உறை .40க்குள் புகுந்துகொள்ளும், .40 உறை .45க்குள் புகுந்துகொள்ளும். இப்படிப் புகுந்த இரட்டை எந்த இயந்திரத்தையும் நிறுத்திவிடும்.

தொல்லை தருவது .380 என்ற இன்னோர் அளவின் உறைதான். அதன் விளிம்பு 9.5 மி.மீ., ஆகவே சல்லடையில் 9 மி.மீ. உறையோடு சேர்ந்தே இறங்கும். நீளம் 17.3 மி.மீ. மட்டுமே, 9 மி.மீ. உறையின் நீளமோ 19.15 மி.மீ. உறைகளை ஒரு தட்டில் அடியூன்றி நிற்கவைத்து, 18.2 மி.மீ. உயரத்தில் ஒரு சட்டத்தை நகர்த்துங்கள். சட்டம் இடிப்பது 9 மி.மீ., அடியில் தப்பி நிற்பது .380. மகரோவ் என்ற இன்னொரு தோட்டா வகையின் உறை 18.1 மி.மீ. நீளம் இருப்பதால் அதுவும் சட்டத்துக்கு அடியிலேயே தங்கும். இந்த வேலை சலிப்பூட்டும், ஆனாலும் தவிர்க்காதீர்கள். ஏன் என்பது 6ஆம் பகுதியில் தெரியும்.

4. கையில் இருக்க வேண்டியவை

அடியடியாகச் சுழலும் நீமா 17 அளவு ஸ்டெப்பர் மோட்டார் ஒன்று, அதை இயக்கும் மின்சுற்றான டிரைவர் (டிஎம்சி 2209 சத்தமில்லாமல் ஓடும்), தொட்டித் தட்டைச் சுழற்ற 12 வோல்ட் கியர் மோட்டார், சரிவுக் குழாய்க்கு சொன்ன கோணத்தில் திரும்பி நிற்கும், உலோகப் பல்சக்கரம் உள்ள சர்வோ மோட்டார், மோட்டார்களைக் கட்டுப்படுத்தும் சிறு மின்னணுப் பலகையான ஓர் ஆர்டுவினோ, 12 வோல்ட் 5 ஆம்பியர் மின்வழங்கி, அதிலிருந்து 5 வோல்ட் பிரித்துத் தரும் மாற்றி. அகச்சிவப்பு உணரி இரண்டு, காந்தத்தை உணரும் ஹால் உணரி ஒன்று, உலோகம் உணரும் இண்டக்டிவ் உணரி ஒன்று. குவியத்தைக் கையால் பூட்டக்கூடிய யுஎஸ்பி கேமரா, எல்இடி பட்டை, நுண்ணோக்கிக்குப் பயன்படும் மெல்லிய கண்ணாடித் தகடு. படத்தைப் படிக்கப் பழைய மடிக்கணினி போதும்.

பாகங்களை முப்பரிமாண அச்சில் எடுக்கலாம். பிஎல்ஏ பிளாஸ்டிக்கே தாங்கும். ஒரு வெர்னியர் காலிப்பர் கட்டாயம் வேண்டும். அச்சில் வரும் துளை வரைபடத்தில் உள்ளதைவிடச் சற்றுச் சிறியதாகவே வரும். அளக்காமல் பூட்டினால் உறை இறுகிக்கொள்ளும்.

5. தொட்டியும் சுழல்தட்டும்

சாய்வாக நிற்கும் ஒரு வட்டத் தட்டு, அதன் விளிம்பில் உறை படுத்துக்கொள்ளும் அளவுக்குப் பள்ளங்கள், கீழே உறைகள் குவிந்திருக்கும் தொட்டி. தட்டு நிமிடத்துக்கு ஐந்து முதல் எட்டுச் சுற்று சுழலும்போது, பள்ளத்தில் படுத்த உறை மேலே ஏறி உச்சியில் குழாய்க்குள் விழும்.

பள்ளத்தின் நீளம் 20.5 மி.மீ., அகலம் 11 மி.மீ. என்று வையுங்கள். அதைவிட நீட்டினால் இரண்டாவது உறையின் நுனி உள்ளே நுழையப் பார்க்கும்.

சாய்வுக் கோணத்தை 50 பாகையில் தொடங்கி, ஓட்டிப் பார்த்துத் திருத்துங்கள். இரண்டு இரண்டாக ஏறினால் தட்டை இன்னும் செங்குத்தாக்க வேண்டும். மேலே சவாரி செய்யும் உறை தானே சரிந்து விழும். பள்ளங்கள் காலியாக வந்தால் சற்றுப் படுக்கவையுங்கள். கோணத்தை மாற்றக்கூடிய தாங்கியாக முதலிலேயே செய்துகொண்டால் தட்டைத் திரும்ப அச்சிட வேண்டியிருக்காது.

தொட்டியை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் நிரப்பாதீர்கள். நிறையக் கொட்டினால் வேகம் கூடும் என்று தோன்றும். உண்மையில் உறைகள் தட்டை அழுத்திப் பிடிக்கும், மோட்டார் திணறும்.

தட்டிலிருந்து கீழிறங்கும் குழாயில் எட்டு, பத்து உறைகள் அடுக்கி நிற்க இடம் விடுங்கள். தட்டு சில நேரம் தொடர்ந்து தரும், சில நேரம் நான்கு பள்ளம் காலியாக வரும். சக்கரமோ சீராகக் கேட்கும். இடையில் நிற்கும் இந்தச் சேமிப்புதான் இரண்டையும் ஒத்துப்போகச் செய்கிறது. குழாயின் மேல்முனையில் ஓர் அகச்சிவப்பு உணரி வைத்து, நிரம்பியதும் தட்டு மோட்டாரை நிறுத்துங்கள்.

உறைகள் அனைத்தும் அடி கீழாக வர வேண்டும். தட்டிலிருந்து விழும் உறையில் பாதி வாய் முன்னாக வரும். விழும் வழியில் உறை படுத்தபடியே கடக்கும் இடத்தில், இரு பக்கமும் ஒரு சிறு ஊசியை நீட்டுங்கள். வாய்ப்பக்கம் வெறும் ஓட்டை என்பதால் ஊசிமேல் மாட்டி ஒரு கணம் நிற்கும். அடிப்பக்கம் கனமானது, மாட்டிக்கொள்ள ஓட்டையும் இல்லாதது. அது முதலில் தாழ்ந்து, உறை திரும்பி, அடி கீழாகக் குழாய்க்குள் இறங்கும். ஊசி எவ்வளவு நீட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்பதை அரை மி.மீ. அளவில் திருத்த நேரிடும். நீளம் மாற்றக்கூடிய சிறு திருகாணியையே ஊசியாகப் பயன்படுத்துங்கள்.

6. குழிச் சக்கரம்: இதில் அவசரம் வேண்டாம்

குழாயின் அடியில் நின்று, ஓர் உறையை மட்டும் வாங்கி, கேமராவுக்கும் பிறகு சரிவுக்கும் கொண்டுசெல்லும் சக்கரம் இது.

குழிகள் எட்டோ பத்தோ வையுங்கள். பன்னிரண்டு வேண்டாம். ஸ்டெப்பர் மோட்டார் ஒரு சுற்றுக்கு 200 அடி (சிறு நகர்வு) எடுக்கும். எட்டுக் குழி என்றால் குழிக்கு 25 அடி, பத்து என்றால் 20 அடி. பன்னிரண்டு என்றால் 16.67 அடி, ஒவ்வோர் அடியையும் பதினாறு நுண்ணடியாகப் பிரித்து 3200 ஆக்கினாலும் 266.67 தான் வரும். அந்தப் பின்னம் ஒவ்வொரு நகர்விலும் சேர்ந்துகொண்டே போகும், அரைமணி நேரத்தில் குழி குழாய்க்கு நேராக நிற்காது. முழு அடியில் நிற்கும்போது மோட்டாரின் பிடிப்பும் உறுதியாக இருக்கும்.

குழியின் விட்டம் 10.6 மி.மீ. சக்கரத்தின் தடிமனைத்தான் மிகக் கவனமாக முடிவுசெய்ய வேண்டும். குழியில் நிற்கும் உறையின் வாய்மேல் அடுத்த உறையின் அடி உட்கார்ந்திருக்கும். சக்கரம் உறையைவிட மெல்லியதாக இருந்தால், உறையின் வாய் மேலே துருத்தி, குழாயின் விளிம்பில் இடிக்கும். தடிமனாக இருந்தால் அடுத்த உறையின் அடி குழிக்குள் சற்று இறங்கி, சக்கரத்தோடு இழுபடும். நான் வைத்திருப்பது 19.3 மி.மீ. சுட்ட உறைகள் 19.15ஐவிடச் சிறிது குறைவாகவே இருப்பதால் மேலுறையின் அடி அரை மி.மீட்டருக்கும் குறைவாக இறங்கும். குழியின் பின்விளிம்பை 1 மி.மீ. சரிவாகச் சீவிவிட்டால், அந்தச் சரிவு மேலுறையை நோகாமல் தூக்கிவிடும்.

இப்போது .380 உறையை நினைத்துப் பாருங்கள். அது குழிக்குள் நின்றால் மேலே 2 மி.மீ. காலி. அடுத்த உறை அந்த 2 மி.மீ. இறங்கிவிடும். 1 மி.மீ. சரிவால் அதைத் தூக்க முடியாது. சக்கரம் நகரும், உறையின் அடி குழாய்க்கும் சக்கரத்துக்கும் நடுவே கத்தரிக்கோலில் அகப்பட்டதுபோல் நசுங்கும், மோட்டார் அடி தவறும். அதன்பின் எல்லாக் குழிகளும் இடம் மாறி நிற்கும். மூவாயிரம் உறையில் ஒரே ஒரு .380 தப்பினாலும் இதுதான் நடக்கும். 3ஆம் பகுதியில் சட்டத்தை நகர்த்தச் சொன்னது இதற்காகவே.

சக்கரத்தின் அடியில் ஒரு சிறு காந்தத்தைப் புதைத்து, ஹால் உணரியால் ஒவ்வொரு சுற்றிலும் தொடக்க இடத்தைச் சரிபாருங்கள். அடி தவறியிருந்தால் ஒரு சுற்றுக்குள் தெரிந்துவிடும்.

குழியில் உறை வந்ததா என்பதை இண்டக்டிவ் உணரி சொல்லும். இங்கே ஒரு பொறி உண்டு. உணரியின் மேல் எழுதியிருக்கும் தூரம் எஃகுக்கானது. பித்தளைக்கு அது பாதிக்கும் குறைவாகிவிடும். 4 மி.மீ. உணரியை 3 மி.மீ. தள்ளி வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்று புதிது வாங்குகிறார்கள். 1 மி.மீட்டருக்குள் நெருக்கி வையுங்கள்.

கேமராவைப் பூட்டுவதற்கு முன் இந்த நிலையிலேயே 500 உறைகளை ஓட்டுங்கள். ஒருமுறைகூடச் சிக்காமல் போனால் அடுத்த பகுதிக்கு வரலாம். சிக்கினால் காரணத்தைக் கண்டு திருத்தி, மறுபடியும் முதலிலிருந்து 500.

7. ஒளி, பிறகு கேமரா

சக்கரம் நகரும் அடித்தகட்டில் ஒரு சாளரம் வெட்டி, கண்ணாடித் தகட்டைப் பதியுங்கள். உறை அதன்மேல் நிற்கும்போது கேமரா கீழிருந்து மேலே பார்க்கும். கண்ணாடி அடித்தகட்டைவிட ஒரு மயிரிழை தாழ்ந்திருக்க வேண்டும். உயர்ந்திருந்தால் உறை இடித்து நிற்கும். சாளரத்தின் ஓரங்களைச் சரிவாகச் சீவுங்கள். கண்ணாடி கீறல் விழும் பொருள் என்பதால், திருகு கழற்றாமல் பக்கவாட்டில் உருவி மாற்றும்படி அமைத்துக்கொள்ளுங்கள்.

லென்ஸைச் சுற்றி ஒட்டிய சிறு வளைய விளக்கைத்தான் எல்லோரும் முதலில் பொருத்துகிறார்கள். பளபளக்கும் பித்தளை அந்த ஒளியை நேராகக் கேமராவுக்கே திருப்பி அனுப்பும். படத்தில் ஒரு வெள்ளைத் திட்டு, அதன் நடுவில் கரைந்துபோன எழுத்து.

ஒளி ஓரத்திலிருந்து, தாழ்வாக வர வேண்டும். எல்இடி பட்டையை 25 மி.மீ. ஆரத்தில் வளையமாக்கி, கண்ணாடிக்கு 8 மி.மீ. கீழே வையுங்கள். ஒளி உறையின் அடியை ஏறத்தாழ 18 பாகையில் உரசிக்கொண்டு போகும். தட்டையான பரப்பில் பட்டது மறுபக்கம் ஓடிவிடும், கேமராவுக்கு வராது. பள்ளமாக வெட்டிய எழுத்தின் சுவரில் பட்டது மட்டும் கீழே சிதறும். இருட்டான வட்டத்தில் எழுத்துகள் ஒளிக்கோடுகளாக எழுந்து நிற்பதைத் திரையில் முதன்முறை பார்க்கும்போது, இதுவரை பட்ட பாடெல்லாம் மறந்துபோகும். கேமராவை 60 மி.மீ. கீழே வைத்தால், கண்ணாடியில் விழும் எல்இடி பிம்பமும் நடுவிலிருந்து 22 மி.மீ. தள்ளியே விழும். உறையின் ஆரம் 5 மி.மீ. தான், ஆகவே தொல்லை இல்லை.

எல்இடியின் வெளிச்சத்தைக் குறைக்க மின்தடையைப் பயன்படுத்துங்கள். வேகமாக அணைத்து ஏற்றி மங்கச்செய்யும் முறையில் படத்தில் கறுப்புப் பட்டைகள் ஓடும். சுற்றிலும் கறுப்பு அட்டையால் மூடி, வெளியொளி புகாமல் பாருங்கள். காலையில் சரியாகப் பிரித்த இயந்திரம் மாலையில் தடுமாறினால் காரணம் பெரும்பாலும் ஜன்னல் வெளிச்சம்தான்.

கேமராவில் தானியங்கிக் குவியம், தானியங்கி ஒளியளவு, தானியங்கி வெண்சமநிலை மூன்றையும் அணைத்துவிடுங்கள். ஒவ்வோர் உறைக்கும் கேமரா தன்னை மாற்றிக்கொண்டால், கணினி கற்றது பயனற்றுப்போகும். 14 மி.மீ. பரப்பு 640 புள்ளியில் விழுந்தால் மி.மீட்டருக்கு 45 புள்ளி. எழுத்தைப் படிக்க இது தாராளம். அதிகத் தெளிவுள்ள கேமராவுக்குச் செலவழிக்க வேண்டாம்.

8. சரிவுக் குழாயும் பெட்டிகளும்

கேமராவைக் கடந்த குழி, அடித்தகட்டில் உள்ள துளைமேல் வந்ததும் உறை கீழே விழும். அங்கிருந்து ஒரு வளைகுழாயைச் சர்வோ திருப்பி, அரைவட்டமாக அடுக்கிய எட்டுப் பெட்டிகளில் ஒன்றுக்கு நேராக நிறுத்தும்.

புதியவர்கள் குழாயைச் சீக்கிரம் திருப்பிவிடுகிறார்கள். 20 செ.மீ. நேராக விழவே 0.2 நொடி ஆகும், சரிவில் உரசிக்கொண்டு போக இன்னும் அதிகம். அதற்குள் குழாய் நகர்ந்தால் உறை பக்கத்துப் பெட்டியில் விழும். அடையாளம் சரி, பெட்டி தவறு. மென்பொருளைக் குறைசொல்லிப் பல நாள் வீணாகும். குழாயின் வாயில் இரண்டாவது அகச்சிவப்பு உணரியை வைத்து, உறை கடந்ததை அது சொன்ன பிறகே அடுத்த திருப்பம் என்று விதி போடுங்கள்.

இன்னொன்று: இயந்திரம் தொடங்கும்போதும் தடுமாறும்போதும் குழாய் 'தெரியவில்லை' பெட்டியையே பார்த்து நிற்கட்டும்.

9. மின் இணைப்பு

சர்வோவை ஆர்டுவினோவின் 5 வோல்ட்டிலிருந்து இயக்காதீர்கள். அது திரும்பும் கணத்தில் மின்னழுத்தம் சரிந்து ஆர்டுவினோ மறுதொடக்கம் ஆகும். தனி மாற்றியிலிருந்து கொடுத்து, எல்லாவற்றின் தரைக் கம்பியையும் ஒன்றாக இணையுங்கள். ஸ்டெப்பர் டிரைவரின் மின்முனையருகே 100 மைக்ரோஃபாரட் மின்தேக்கி ஒன்றை வையுங்கள். மின்சாரம் இருக்கும்போது மோட்டார் கம்பியைப் பிடுங்கினால் டிரைவர் கருகிவிடும்.

மோட்டார்களுக்குப் போகும் 12 வோல்ட் பாதையில், கையெட்டும் இடத்தில் ஒரு சிவப்பு நிறுத்தப் பொத்தான். விரல் சக்கரத்துக்குள் போகும் வாய்ப்பு, சிக்கலை எடுக்கும்போதுதான் அதிகம்.

10. இயக்கும் நிரல்

வேலையை இரண்டாகப் பிரியுங்கள். ஆர்டுவினோ நகர்த்துவதை மட்டும் பார்க்கட்டும், மடிக்கணினி படத்தை மட்டும் பார்க்கட்டும். 'நகர்ந்து நின்றுவிட்டேன்' என்று ஆர்டுவினோ ஒரு வரி அனுப்ப, 'பெட்டி 3' என்று கணினி ஒரு வரி பதிலளிக்கும். கண்மூடித்தனமாக இத்தனை மில்லிநொடி காத்திரு என்று எழுதினால், ஒருநாள் கணினி சற்றுத் தாமதிக்கும்போது வரிசை முழுதும் குலையும்.

சக்கரம் நின்ற பிறகு 0.1 நொடி அதிர்வு அடங்க விட்டு, பிறகு படம் எடுங்கள். இந்த இடத்தில் பலரையும் வீழ்த்தும் பிழை ஒன்று இருக்கிறது. யுஎஸ்பி கேமரா சில படங்களை முன்கூட்டியே எடுத்து வரிசையில் வைத்திருக்கும். படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி மென்பொருளில் ஒரு படம் கேட்டால் கைக்கு வருவது முந்தைய உறையின் படமாக இருக்கலாம். கேட்டுவாங்கிய முதல் சில படங்களைத் தூக்கிப்போட்டுவிட்டு, அதற்கடுத்ததைப் பயன்படுத்துங்கள்.

கேமராவுக்கும் விழும் துளைக்கும் இடையில் எத்தனை குழி இருக்கிறதோ, அத்தனை முடிவுகளை நிரல் நினைவில் வைத்திருக்க வேண்டும். சோதிக்க எளிய வழி: பத்து உறைகளுக்கு ஒன்றின் அடியில் சிவப்பு மையைப் பூசி, சிவப்பு கண்டால் பெட்டி 1 என்று மட்டும் நிரலெழுதி ஓட்டுங்கள். பெட்டி 1இல் சிவப்பு மட்டுமே இருந்தால் கணக்கு சரி. சிவப்புக்கு முன்போ பின்போ வந்த உறை அங்கே கிடந்தால் கணக்கு ஓர் எண் பிசகியிருக்கிறது.

11. கணினிக்குக் கற்பித்தல்

எழுத்துணரி மென்பொருளால் முத்திரையை வாசிக்க முயல வேண்டாம். வட்டமாக வளைந்த, எந்தக் கோணத்திலும் வரக்கூடிய எழுத்து அதற்குப் பிடிபடாது. மொபைல்நெட் போன்ற, ஏற்கெனவே பயிற்சி பெற்ற ஒரு படவகைப்பாட்டு மாதிரியை எடுத்து, 224 புள்ளிச் சதுரப் படங்களால் அதற்கு மேற்பயிற்சி கொடுங்கள். மடிக்கணினியில் ஒரு படத்துக்குப் பத்தில் ஒரு நொடிக்குள் விடை வரும்.

படங்களை இயந்திரத்தைக் கொண்டே எடுங்கள். கைப்பேசிப் படம் வேறு ஒளி, வேறு கோணம், உதவாது. ஒரே முத்திரையுள்ள 150, 200 உறைகளைக் கையால் பொறுக்கித் தொட்டியில் போட்டு ஓட்டினால் அந்த வகையின் படங்கள் தாமே ஒரு கோப்புறையில் சேர்ந்துவிடும். ஒவ்வொன்றுக்கும் பெயர் எழுதத் தேவையில்லை.

உறை எந்தக் கோணத்திலும் திரும்பி வரும் என்பதால், பயிற்சியின்போது படங்களை 360 பாகையும் சுழற்றிக் காட்டுங்கள். ஆனால் இடவலமாகப் புரட்டும் தெரிவை அணைத்துவிடுங்கள். பல பயிற்சி நிரல்களில் அது இயல்பாகவே இயங்கும். கண்ணாடியில் தெரியும் எழுத்து எந்த உறையிலும் இல்லை.

பிரைமர் இருக்கும் நடுவட்டத்தை, 5 மி.மீ. விட்டத்துக்கு, கறுப்பால் மறைத்துவிடுங்கள். ஒரு வகை உறைகள் எல்லாம் ஒரே துப்பாக்கியிலிருந்து வந்திருந்தால், கணினி எழுத்தைக் கற்காமல் ஊசி பதிந்த தடத்தைக் கற்றுக்கொள்ளும். சில துப்பாக்கிகள் வட்டக் குழிக்குப் பதிலாக நீண்ட தடம் விடுகின்றன. அந்த வேறுபாடு எழுத்தைவிடப் பளிச்சென்று தெரியும். சோதனையில் 99 விழுக்காடு காட்டிய மாதிரி, வேறொருவருடைய உறைகளைப் போட்டதும் உளறியதற்குக் காரணம் இதுவாக இருந்ததை நான் பார்த்திருக்கிறேன். அதே காரணத்துக்காக, சோதனைப் படங்களை வேறொரு நாள் கழுவிய வேறொரு குவியலிலிருந்து எடுங்கள்.

'மற்றவை' என்ற வகைக்கும் படம் வேண்டும், அதுவும் இயன்றவரை பலவித முத்திரைகளோடு. அது இல்லாவிட்டால், முன்பின் பார்த்திராத முத்திரையையும் தெரிந்த ஒன்றாகவே கணினி துணிந்து சொல்லும். உறுதி 90 விழுக்காட்டுக்குக் கீழே இருக்கும் எதையும் 'தெரியவில்லை' பெட்டிக்கு அனுப்புங்கள். நல்ல உறை ஒன்று அங்கே போனால் இழப்பு ஏதுமில்லை, மறுபடி தொட்டியில் போட்டுக்கொள்ளலாம். உட்படி வைத்த உறை ஒன்று நல்ல பெட்டிக்குப் போவதுதான் தவிர்க்க வேண்டிய பிழை.

12. முதல் முழு ஓட்டம்

முதல் நூறு உறைகளுக்கு, உறைக்கு மூன்று நொடி என்று மெதுவாக ஓட்டுங்கள். பக்கத்திலேயே நில்லுங்கள். ஒவ்வொரு படத்தையும், கணினி சொன்ன விடையோடு, கோப்பாகச் சேமியுங்கள்.

பிறகு பெட்டிகளை ஒவ்வொன்றாகத் துணியில் கவிழ்த்துக் கையால் சரிபாருங்கள். தவறாக விழுந்த உறை கிடைத்தால் முதலில் அதன் சேமித்த படத்தைத் தேடுங்கள். கணினியின் விடையும் படமும் பொருந்தினால் பிழை குழாயிலோ வரிசைக் கணக்கிலோ இருக்கிறது. பொருந்தாவிட்டால் பிழை பயிற்சியில். இதைப் பார்க்காமல் பயிற்சியை மட்டும் மீண்டும் மீண்டும் நடத்துபவர்கள் இயந்திரக் கோளாறு ஒன்றைக் கணினியில் தேடிக்கொண்டிருப்பார்கள்.

எல்லாம் சரியாக இருந்தால் வேகத்தைப் படிப்படியாக ஏற்றுங்கள். நகர்வுக்கு 0.3 நொடி, அதிர்வு அடங்க 0.1, படமும் விடையும் 0.2, குழாய் திரும்பி உறை இறங்க 0.4 என்று ஒரு நொடிக்கு ஓர் உறை எளிதாக வரும். மணிக்கு 3600. அதற்கு மேல் முடுக்கினால் சக்கரம் நிற்கும் வேகத்தில் உறை குழிக்குள் ஆடும், படம் மங்கும், 'தெரியவில்லை' பெட்டி நிரம்பும்.

ஐந்நூறு உறைக்கு ஒருமுறை இயந்திரத்தை நிறுத்தி, பொத்தானை அழுத்தி, கண்ணாடித் தகட்டை உருவிப் பஞ்சால் துடைத்து மறுபடி செருகுங்கள். துடைத்த பஞ்சில் படியும் கறுப்பில் ஈயமும் உண்டு. கையுறையோடு எடுத்து, மூடியுள்ள குப்பைப் பெட்டியில் போடுங்கள்.